முக்குவரை நடை, வாசலுக்கு வண்டி

காலையில் வீட்டை விட்டு இறங்கும் முன் காஜாக்கா கண்ணாடி முன்னால் நிற்பது அழகு பார்க்க அல்ல. தெருவோடு மல்லுக்கட்டப் போகிறவள் அதற்குத் தயாராவாள், அவ்வளவுதான். பழைய மேல்துணியை மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, காதுகளைச் சேர்த்து ஒரு சுற்று, மிச்சத்தைக் கழுத்தில் இறுக்கி ஒரு முடிச்சு. வேலைக்குப் போடும் உடுப்பு பையில் மடித்து இருக்கும். தெருவுக்கென்று வேறு உடுப்பு. அது வாங்கியபோது என்ன நிறம் என்று அவளுக்கே மறந்துவிட்டது. எதைப் போட்டாலும் தெரு தன் நிறத்தை அடித்துவிடுகிறது.

"ஏறிக்கிறியா? அந்தப் பக்கமாத்தான் போறேன்" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்பார். அவருடையது ஒரு சின்ன லோடு வண்டி. காலி ட்ரம்களை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். புகை விடுவதில் அது யாருக்கும் சளைத்ததல்ல. அது கிளம்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொள்ளும்.

"உங்க வண்டியில ஏறுறதுக்கு அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கலாம்" என்று அவளும் தினமும் சொல்வாள்.

"உனக்கு வாய்க் கொழுப்பு."

"உங்க வண்டிக்கு வால் கொழுப்பு. பின்னாடி போய்ப் பாருங்க, எப்படிக் கக்குதுன்னு."

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்கள் வீட்டுக் காலை வணக்கம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு நடுவில் சிரிக்க ஆளில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

ஆண்டவன் மனிதனுக்குக் காலைக் கொடுத்தது நடக்க என்றுதான் காஜாக்கா நினைத்திருந்தாள். பெரிய சாலைக்கு வந்தால் அது தப்பு என்று தெரியும். ஒரு அறை அளவுக்குக் கார், அதற்குள் ஒரே ஒரு ஆள், அவர் முகத்தில் இந்த உலகத்தையே தோளில் தூக்கி வருகிற களைப்பு. அவருக்குப் பின்னால் இன்னொரு அறை, இன்னொரு களைப்பு. எதுவும் நகராது. நின்ற இடத்திலேயே உறுமும். முன்னால் ஊசி போகக்கூட இடமில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் ஹாரன் அடிப்பார்கள், முன்னால் நிற்பவன் இறக்கை முளைத்துப் பறந்துவிடுவான் என்பது போல. வெயில் வருவதற்கு முன்பே வானம் பழைய பாத்திரத்தின் அடி மாதிரி ஆகிவிடும். இத்தனை பேரும் சேர்ந்து காற்றைக் கெடுத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே குளிர்காற்றை வைத்துக்கொண்டு, வெளியே நடக்கிறவளை அருவருப்பாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை அவள் அப்படியே திருப்பிக் கொடுப்பாள். மூக்கு மூடியிருந்தாலும் கண் திறந்துதானே இருக்கிறது.

நடைபாதையாவது நடக்கிறவளுக்கா என்றால் அதுவும் இல்லை. பைக் ஓட்டுகிறவன் அதில் ஏறி வருவான். வந்து, "ஓரமாப் போம்மா!" என்பான்.

"ஓரத்துக்கும் ஓரம் எங்கப்பா இருக்கு? சுவத்துக்குள்ள பூந்து போகட்டா?"

அவன் அதற்குள் போயிருப்பான். அவன் விட்ட புகை மட்டும் நின்று அவளுக்குப் பதில் சொல்லும்.

அவள் வேலை செய்தது ஒரு தையல் கூடத்தில். பெரிய சாலையிலிருந்து ஒரு சின்னத் தெரு பிரியும். அந்த முக்கில் திரும்பிக் கொஞ்சம் நடந்தால் மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் தையல். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு, ஹோட்டல்களுக்கும் காவல்காரர்களுக்கும் கறுப்புக் கோட்டு. ஜன்னலோரம் நீளமாக ஒரு வெள்ளை மேசை. உள்பக்கம், டியூப் லைட்டுக்குக் கீழே, கறுப்பு மேசை. மெஷின் வேலை முடிந்து வரும் கோட்டின் பொத்தான் துளைகளுக்குக் கையால் காஜா கட்டுவது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் இந்த இரண்டு மேசையிலும்தான். காஜா கட்டுவதில் அவள் கை ஓட்டத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் அவளைக் காஜாக்கா என்றார்கள். சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் நினைவுக்கு வரும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய முதலாளி வைத்தது. காலையில் வெள்ளை மேசைக்குப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் கூடையிலிருந்து ஒரு வெட்டுத்துணி எடுத்து, நனைத்து, கழுத்தையும் கையையும் விரல் இடுக்கையும் துடைத்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கரிடம் விரித்துக் காட்ட வேண்டும். துணி கறுத்திருந்தால் திரும்பவும் குழாய்க்குப் போக வேண்டும். வெளுத்திருந்தால் மேசைக்குப் போகலாம். இதற்குத் துணி காட்டுவது என்று பெயர். நடந்து வந்தாயா, பறந்து வந்தாயா என்று யாரும் கேட்டதில்லை. சுத்தமாக இரு என்பதுதான் சட்டம். காஜாக்காவுக்கு அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை இருந்தது. அவள் மரியாதை வைத்திருந்த சில விஷயங்களில் அது ஒன்று.

செக்கர் மேல் அந்த மரியாதை இல்லை. செக்கர் வேறு யாருமில்லை, அவள் சொந்த அண்ணி. அண்ணனுக்குப் பெண் தேடியபோது, "என் பக்கத்துல உக்காந்து நூல் வெட்டுற பொண்ணு ஒண்ணு இருக்கு, பயந்த சுபாவம்" என்று கூட்டிவந்து காட்டியதே காஜாக்காதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அந்தப் பயந்த சுபாவம் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றியது. கல்யாணம் முடிந்த வாரம், "ஏய், அந்தக் கத்திரியை இப்படிக் குடு" என்றது. அண்ணன் பெண்டாட்டி, முறைக்கு மூத்தவள், என்ன செய்வது? வயதில் சின்னவளை "வாங்க அண்ணி, போங்க அண்ணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட வேண்டியதாயிற்று. போதாததற்கு அவள் செக்கராகவும் ஆனாள். தினமும் அண்ணனின் ஸ்கூட்டர் பின்னால் ராணி மாதிரி வந்து இறங்குவாள். இறங்கியதும் தலையைத் தடவிக்கொண்டு, "என்னா ட்ராஃபிக்கு, என்னா ட்ராஃபிக்கு" என்பாள், ஏதோ அந்த ட்ராஃபிக்கில் அவளுக்குப் பங்கே இல்லாத மாதிரி.

இதையெல்லாம் காஜாக்கா பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குக் கண் மங்கிவிட்டது. கண்ணாடி போட்டும், வெள்ளைத் துணியில் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. போன வருடம் ஆள் குறைந்த ஒரு நாள் அவளைக் கறுப்பு மேசைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஒரு கோட்டுப் பாக்கெட்டின் வாயை உள்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். கையை விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் கொண்டுபோய், விரலால் தடவித் தடவிப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். யாரும் பார்க்கவில்லை. இன்னொரு நாள் அங்கே உட்கார்ந்தால் பார்த்துவிடுவார்கள். பார்த்தால், "ரொம்ப நாள் உழைச்சிட்டீங்கம்மா" என்று இனிமையாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. வெள்ளை மேசை இருக்கும் வரைதான் அவளுக்கு வேலை.

இப்படியிருக்கும்போது பழைய முதலாளி படுத்துவிட்டார். அவர் மருமகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் எல்லாரும் "சார்" என்றார்கள், முதுகுக்குப் பின்னால் "மாப்பிள்ளை". அவர் வீடு இந்தத் தெருவுக்குப் பின்புறமே இருந்தது. வெள்ளை மேசை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வீட்டுப் பால்கனியில் காயும் பனியன் தெரியும். குறுக்குச் சந்தில் நடந்தால் ஒரு கொட்டாவி விடுவதற்குள் வந்துவிடலாம். மாப்பிள்ளை காரில்தான் வருவார். கார் சந்துக்குள் நுழையாது. ஆகவே பெரிய சாலைக்குப் போய், பாலத்துக்குக் கீழே திரும்பி, எல்லாருடைய புகையையும் வாங்கித் தன் புகையையும் கொடுத்து, வியர்க்காமல் வந்து இறங்குவார். இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு திரும்பி வந்தது. காலரில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் கறை. அது யார் விரல் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். துணி காட்டாமல் மேசை வரைக்கும் வந்து, கோட்டுகளைத் தூக்கிப் பார்க்கிற ஒரே ஆள் மாப்பிள்ளைதான் என்பது காஜாக்காவுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

மாப்பிள்ளை எல்லாரையும் நிற்க வைத்தார். அந்தக் கோட்டைத் தூக்கி, கொடி மாதிரி காட்டினார்.

"இது என்ன? ரோடு. ரோட்டை அப்படியே தூக்கிட்டு வந்து என் மேசை மேல வெக்கிறீங்க. யாரெல்லாம் நடந்து வர்றீங்க?"

ஆறேழு பேர் கையைத் தூக்கினார்கள். காஜாக்காவும் தூக்கினாள்.

"திங்கக்கிழமையிலருந்து நடந்து வர்றவங்க கறுப்பு மேசை. வண்டியில வர்றவங்க வெள்ளை மேசை. சிம்பிள்! அப்புறம் இந்தத் துணியை நனைச்சுக் காட்டுற விளையாட்டெல்லாம் வேண்டாம். தண்ணியும் வேஸ்ட், நேரமும் வேஸ்ட். வண்டியில வர்றவங்க மேல எப்படி அழுக்கு ஒட்டும்?"

"நாங்க கழுவிட்டுத்தானே உக்கார்றோம் சார்" என்றாள் காஜாக்கா.

"கழுவுனா போறது இல்லம்மா, இதெல்லாம் உள்ள இறங்கியிருக்கும்."

அண்ணி தலையைத் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை தும்மினால்கூட அவள் ஆமோதிப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்த காஜாக்கா மேல்துணியை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, சிரிக்காமல், "அப்ப திங்கக்கிழமை அடுப்புக்குள்ள தலையை விட்டுத்தான் ஆகணும்" என்றார். 

திங்கட்கிழமை அவள் அந்த வண்டியில் ஏறினாள். முன்சீட்டு என்பது ஒரு பலகை, அதன் மேல் ஒரு கோணி. கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும். கியர் இருக்கும் இடத்தில் தரையில் ஒரு ஓட்டை. வண்டி பின்னால் விடுகிற புகையில் பாதி அந்த ஓட்டை வழியாக வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி உரிமையோடு உள்ளே வந்தது. பாலத்துக்குக் கீழே வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒரு நொண்டி நாய் அவர்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் கூடத்தில் வேலை செய்யும் நெட்டை என்கிறவள், பையை ஆட்டிக்கொண்டு, நடந்து போனாள். தாண்டும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஊர்வலமா?"

"போடி!"

கூடத்து வாசலில் இறங்கியபோது அவள் புருவம் வரை கரி. வாட்ச்மேனுக்குப் புது வேலை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வருகிற விதத்தைப் பார்த்து மாடிப்படியில் கத்த வேண்டும். அவர் லோடு வண்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "வண்டீ!" என்று கத்தினார். அதற்கு முன்பே வந்து, முகம் கழுவி, பளிச்சென்று நின்ற நெட்டைக்கு, "நடை!" என்று கத்தியாகிவிட்டது.

"நல்லா இருக்கு நியாயம்" என்றாள் நெட்டை. "நான் கறுப்புக்கு, சட்டிக்கு அடியில படுத்து எந்திரிச்ச மாதிரி வந்திருக்கிற இந்த அக்கா வெள்ளைக்கு!"

"சார் சொல்லியிருக்காரு" என்றாள் அண்ணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

காஜாக்கா வெள்ளை மேசையில் உட்கார்ந்தாள். உட்காருமுன் தானாகவே குழாய்க்குப் போய், யாரும் கேட்காமல், நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் வந்தாள். வேலை தப்பித்தது. ஆனால் நாளெல்லாம் இருமினாள். எச்சில் கறுப்பாக வந்தது. இத்தனை வருடம் நடந்ததில் உள்ளே போகாத அழுக்கு ஒரே காலையில் போய்விட்டது. இப்படியே போனால் கண் அவிவதற்கு முன்னால் மார்பு அவிந்துவிடும் என்று தோன்றியது. மூளை அப்போதுதான் வேலை செய்தது. மாப்பிள்ளை கேட்டது வண்டியில் வருவதைத்தான். எங்கிருந்து வருவது என்று அவர் சொல்லவே இல்லையே?

சாயங்காலம் நெட்டையையும் மற்ற நடைக்காரிகளையும் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"நாளைக்கு எல்லாரும் எப்பவும் போல நடந்து வாங்க. முக்குல நில்லுங்க. எங்க வீட்டுக்காரர் வண்டி வரும். ஏறிக்கோங்க."

"முக்குலருந்து வாசலுக்கா?" நெட்டை வாயைப் பிளந்தாள். "அக்கா, அங்கருந்து எச்சில் துப்புனா வாசல்ல விழும்!"

"துப்பாத, ஏறு."

மறுநாள் காலை, முக்குவரை நடந்து வந்த ஆறேழு பெண்கள், சுவரோரக் குழாயில் முகம் கை கழுவிக்கொண்டு, லோடு வண்டியின் பின்பக்கம் ஏறினார்கள். காலி ட்ரம்களுக்கு நடுவே நின்றுகொண்டார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் ட்ரம்கள் டொம் டொம் என்று முழங்கின. தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், அதற்குத்தானே ஏறியது. வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி, தேவையில்லாமல் ஒரு உறுமல் உறுமினார். கரும்புகை எழும்பி இரண்டாம் மாடியில் மாப்பிள்ளையின் அறை ஜன்னலைத் தொட்டது.

"வண்டீ! வண்டீ! வண்டீ!" வாட்ச்மேனுக்குத் தொண்டை கட்டியது. சிரிப்பை அடக்கியதில் கட்டியது.

மாப்பிள்ளை ஜன்னலில் நின்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தன் ஒரு வார்த்தையில் ஊரே நாகரிகமாகிவிட்டது என்று நினைத்தார் போல. வந்த வியாபாரிகளிடம், "எங்ககிட்ட யாருமே நடந்து வர்றதில்ல, தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

இதைப் பார்த்து மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் வந்து முக்கிலிருந்து நடந்தவர்களுக்கு, அதையும் நடை என்று கத்திவிடுவார்களோ என்று பயம். ஒருத்தியைத் தம்பி பைக்கில் கொண்டுவந்து இறக்கினான், இன்னொருத்தியை மாமனார் காரில் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வாரத்துக்குள் அந்தச் சின்னத் தெரு காலையில் அடைத்துக்கொண்டது. உள்ளே போன வண்டி வெளியே வர முடியாமல், வெளியே நின்றது உள்ளே போக முடியாமல், எல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்தன. வெள்ளை மேசை ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அழுக்கு வரக்கூடாது என்று ஒருவர் போட்ட சட்டம், அழுக்கைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டது.

அப்படி அடைத்துக்கொண்ட ஒரு காலையில்தான் அது நடந்தது. பெண்கள் முக்கில் வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். காஜாக்கா கடைசியாக ஏறுவதற்குக் காலைத் தூக்கியிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

அண்ணி நின்றிருந்தாள். ஸ்கூட்டர் இல்லை, அண்ணனும் இல்லை. நெரிசலுக்குள் நுழைய மாட்டேன் என்று அண்ணன் அவளைப் பெரிய சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். நடந்து பழக்கமில்லாத நடையில், நெற்றியில் வியர்வையும் கரியும் சேர்ந்து வழிய, மூச்சு வாங்க நின்றாள். ராணிக்கும் தெரு தன் நிறத்தை அடித்திருந்தது.

 ட்ரம் ஒன்று மட்டும் டொம் என்றது.

"ஓஹோ" என்றாள் அண்ணி. "தினமும் இப்படித்தானா? இங்க ஏறி அங்க இறங்குறதா? சாரை முட்டாளாக்குறீங்களா?"

"அவரை நாங்க புதுசா ஆக்கணுமா?" என்றது நெட்டையின் குரல், ட்ரம்முக்குப் பின்னாலிருந்து.

"உன்னை நான் கேக்கல. ஏய், உன்னைத்தான் கேக்கறேன்." அண்ணி காஜாக்காவின் முன்னால் வந்து நின்றாள். "இவங்களாவது சின்னப் பொண்ணுங்க. உனக்கு என்ன கேடு? கறுப்பு மேசையில உக்காந்தா உன் கிரீடம் இறங்கிடுமா? இரு, போய் சார்கிட்ட சொல்றேன்."

காஜாக்காவின் கை வண்டியின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது. கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையை இவளிடமா சொல்வது? நூல் வெட்டத் தெரியாமல் வந்தவளிடமா?  பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், இவள் முன்னால் கையேந்த மாட்டேன் என்று நின்றாள்.

வீட்டுக்காரருக்கு அந்தக் கர்வம் கிடையாது. கயிறு கட்டிய கதவுக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, அவளுக்குக் கறுப்புத் துணியில கண்ணு தெரியாதும்மா. கறுப்பு மேசைக்கு அனுப்புனா வேலை போயிடும். அதான்."

"உங்களை யாரு கேட்டா?" என்று காஜாக்கா சீறினாள். 

ட்ரம்களுக்கு நடுவே நின்றவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. அண்ணி அவள் கண்ணாடியையே பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் ஹாரன் பிளந்து கட்டியது.

"எத்தனை நாளா?" என்றாள் அண்ணி.

"உங்களுக்கு எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"போன வருஷத்துலருந்து."

அண்ணி தெருவைப் பார்த்தாள். வாசலில் வாட்ச்மேன் நிற்பது தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இங்கிருந்து அவள் நடந்து போனால் அவளுக்கும், "நடை!"தான். செக்கரம்மா நடந்து வந்தாள் என்று மாடி முழுக்கக் கேட்கும்.

"அண்ணே, கொஞ்சம் இறங்கி வந்து கையைக் குடுங்க. இவ்வளவு உயரமா வண்டியை வாங்குவாங்க?" என்றாள்.

அவளைத் தூக்கி விட்டது வீட்டுக்காரர் அல்ல, காஜாக்காவே. வலிக்கிற மாதிரிதான் பிடித்து இழுத்தாள். ட்ரம் இடித்து அண்ணி, "அம்மா!" என்றாள். நெட்டை சிரிப்பை அடக்க மேல்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வண்டீ!" என்று கத்த வாயைத் திறந்த வாட்ச்மேன், செக்கரம்மா ட்ரம்முக்கு நடுவிலிருந்து இறங்குவதைப் பார்த்து வாயை மூட மறந்துவிட்டார்.

அன்று மதியம் வரை அண்ணி அவள் பக்கமே வரவில்லை. காஜாக்காவின் கை ஓடியது, மனம் ஓடவில்லை. இவள் சொல்வாளா, மாட்டாளா? சொல்லாவிட்டால், அதை வைத்துக்கொண்டு வாழ்நாள் பூராவும் ஆட்டிவைப்பாளா? இவள் தயவில் உட்கார்ந்திருப்பதற்குப் பேசாமல் தானே எழுந்து போய்விடலாமா? ஆண்டவனே, இந்த வெட்கத்தை யார் கையில் கொடுத்திருக்கிறாய் பார், என்று நூலைக் கோக்கும்போதெல்லாம் நினைத்தாள்.

மாப்பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டு மேலே வந்தார்.

"ஹோட்டல் ஆர்டர் அவசரம். எல்லா மேசையும் இன்னைக்குக் கறுப்புக் கோட்டுதான். வெள்ளையை ஒதுக்கி வைங்க. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்."

கறுப்புக் கோட்டுகள் ஒரு மலை மாதிரி வந்து ஜன்னலோர மேசையில் விழுந்தன. காஜாக்காவுக்கு முன்னால் ஒன்று விரிந்தது. இருட்டை மடித்து வைத்தது போல இருந்தது. எங்கே துணி முடிகிறது, எங்கே ஓட்டை ஆரம்பிக்கிறது? விரலால் தடவினாள். மாப்பிள்ளை மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்னும் மூன்று பேர் தாண்டினால் அவள்.

"சார்." அண்ணியின் குரல். "இந்த அக்காவுக்கு வேணாம் சார்."

அக்கா! இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது. காஜாக்கா நிமிர்ந்தாள். அண்ணி அவள் பக்கம் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை முகத்தையே பார்த்து, மிகவும் பணிவாகப் பேசினாள்.

"ஏன்?"

"கறுப்புச் சாயம் கையில ஒட்டும் சார். நாளைக்கு அதே கையோட வெள்ளையைத் தொட்டா? கழுவுனா போறது இல்ல, உள்ள இறங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க. வெள்ளைக்குன்னு ஒரு கையாவது சுத்தமா இருக்கணும்ல? நம்ம கூடத்துலேயே இவ கைதான் சார் சுத்தம்."

மாப்பிள்ளை யோசித்தார். தன் வார்த்தை தனக்கே திரும்பி வந்தால் யாருக்கும் அது அறிவாகத்தான் தெரியும்.

"கரெக்ட்" என்றார். "நானே சொல்லணும்னு இருந்தேன். வெள்ளைக்குன்னு ஒரு ஆளைத் தனியாவே வைங்க. நிரந்தரமா. அவங்க கறுப்பைத் தொடவே கூடாது."

கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். காஜாக்காவுக்கு முன்னால் வெள்ளை திரும்ப வந்தது. அதில் முதல் காஜாவையே இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அண்ணி அதையும் பார்த்தாள், பார்க்காத மாதிரி போனாள்.

சாயங்காலம் படியிறங்கும்போது இருவரும் ஒன்றாக இறங்க நேர்ந்தது. 

"அண்ணி."

"என்ன?"

"நாளைக்கும் அண்ணன் உள்ள வர மாட்டான். ட்ரம்முக்கு நடுவுல நிக்க வேணாம். முன்சீட்டுல உக்காருங்க."

"உன் புருஷன் வண்டியில முன்சீட்டுன்னு ஒண்ணு இருக்கா? ஒரு பலகை, ஒரு கோணி. எட்டிப் பார்த்தேன்."

"உங்க அளவுக்கு அது போதும்."

"திமிரு மட்டும் கண்ணு மாதிரி மங்க மாட்டேங்குது உனக்கு" என்றாள் அண்ணி. "மூக்கைச் சுத்தி அந்தத் துணியை எப்படிக் கட்டுறது? இன்னைக்கு வர்றதுக்குள்ள செத்தேன்."

காஜாக்கா நின்றாள். தன் மேல்துணியை அவிழ்த்து, அண்ணியின் மூக்கில் ஒரு சுற்று, காதில் ஒரு சுற்று சுற்றி, கழுத்தில் தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கியே முடிச்சுப் போட்டாள். "மூச்சு முட்டுதுடி!" என்று துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காஜாக்கா தன் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே தெரு அடைத்துக் கிடந்தது. மாப்பிள்ளையின் கார் வாசலை விட்டுப் பாதி வெளியே வந்து, அதற்கு மேல் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நேர் பின்னால் அவர் வீட்டுப் பால்கனி, சந்துக்கு அப்பால், விளக்குப் போட்டுத் தெரிந்தது. இரண்டு பெண்கள் காரை ஒட்டிப் போவதைப் பார்த்து மாப்பிள்ளை கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினார்.

"என்னம்மா, நடந்தா போறீங்க? வண்டி எங்க?"

"முக்குல நிக்குது சார்" என்றாள் அண்ணி. இருவரும் காரைத் தாண்டி நடந்தார்கள்.